சொன்னால் கேட்குமா?

என் கணவர் காலமாகி மூன்று வருடம் ஆகிறது. அவருடைய தோல் செருப்பு மட்டும் ரேழியில் சுவரோரமாக, கடைசியாகக் கழற்றிவிட்ட கோணலிலேயே கிடந்தது. பெருக்க வருகிற பெண்கூட அதைச் சுற்றித்தான் பெருக்குவாள். கார்த்திகை மாதம் ஒரு நாள் மத்தியானத் தூக்கம் கலைந்து வந்து பார்த்தால், இடது செருப்பின் வார் அறுந்து கிடக்கிறது. வலது செருப்பைக் காணோம். கொல்லையில் கிணற்றடியில் படுத்துக்கொண்டு, முன்னங்கால் இரண்டாலும் அதைப் பிடித்துக்கொண்டு, குதிகால் பக்கத்தை ஆற அமர மென்றுகொண்டிருந்தான் புளி.

ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டு பாதுகையைக் கடிப்பது லேசான குற்றமில்லை. ரங்கநாதனுடைய பாதுகைகளைப் பற்றி மட்டுமே வேதாந்த தேசிகர் 1008 சுலோகம் பாடிய ஊர் இது. ஒரே ராத்திரியில் பாடினார் என்பார்கள். அடுத்த வீட்டு மாமி மதில்மேல் எட்டிப் பார்த்து, "அகத்துல நாயை வச்சுண்டா இப்படித்தான். சொன்னா கேக்குமா அது?" என்றாள்.

புளியின் முழுப்பெயர் புளியோதரை. தீபாவளிக்கு மறுநாள் ராத்திரி, அடையவளஞ்சான் வீதியில் நிறுத்தியிருந்த ஒரு காருக்கு அடியில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்தவனை என் பேத்தி தாவணியில் சுற்றி எடுத்து வந்தாள். பழுப்பில் மஞ்சள், நடுநடுவே கடுகு தாளித்த மாதிரி கறுப்புப் புள்ளி. பெயர் தானாகவே வந்தது. தெருநாய்க்குட்டிதான், ஜாதி நாய் இல்லை. பல்லைப் பார்த்த கால்நடை டாக்டர் எட்டு வாரம் இருக்கும் என்றார். பேத்தி லீவு முடிந்து பெங்களூருக்குப் போனாள். குட்டி என்னோடு தங்கிவிட்டான். முப்பத்துநாலு வருடம் தமிழாசிரியையாக இருந்த ஒருத்தி வீட்டில் "புளி" என்று பெயர் வைத்தால், ஊரே அவனைப் "புலி" என்று கூப்பிடுகிறது. லகரமும் ளகரமும் நான் ஓய்வுபெற்றதோடு ஓய்வுபெற்றுவிட்டன போலிருக்கிறது.

வாசலுக்கு வருகிற எல்லோரும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். முதலாவது, கடிக்குமா? அடுத்தது, சொன்னா கேக்குமா? இந்த இரண்டாவது கேள்வி எனக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் சேர்க்க வருகிற அப்பாக்கள் அத்தனை பேரும் கேட்டது இதுதான். "சொன்னா கேக்கறானா டீச்சர்? கேக்கலைன்னா கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மீதித் தோலை உரிச்சிடுங்க." சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள். நாங்களும் சிரிப்போம். பிள்ளை சிரிக்காது.

செருப்புப் போன அன்று ராத்திரி பெண்ணுக்கு போன் பண்ணினேன். பெங்களூரில் அவளுக்குத் தெரிந்தவர்கள் எல்லோரும் குட்டிகளை வகுப்புக்கு அனுப்புகிறார்களாம். "உடனே சேத்துடும்மா. மூணு வாரத்துலேர்ந்து பன்னெண்டு, பதினாலு வாரம் வரைக்கும்தான் குட்டிக்கு உலகம் பழகற காலம். அதுக்குள்ள மனுஷா, சத்தம், வண்டி, மத்த நாய் எல்லாத்தையும் பயமில்லாம பாத்துடணும். அப்புறம் பழக்கறது கஷ்டம்" என்றாள். எல்லா ஊசியும் முடிந்த பிறகுதானே வெளியே விடலாம் என்று கேட்டேன். முதல் தடுப்பூசி போட்டு ஒரு வாரம் ஆகி, பூச்சி மருந்தும் கொடுத்திருந்தால், சுத்தமான இடமாகவும் ஊசி போட்ட குட்டிகள் மட்டும் வருகிற இடமாகவும் பார்த்துச் சேர்க்கலாம் என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். கணக்குப் பார்த்தால் புளிக்கு அப்போது பன்னிரண்டு வாரம். முகூர்த்தம் தப்பிப்போகிற அவசரம்.

பெண் சொன்ன வார்த்தை 'ஒபீடியன்ஸ் கிளாஸ்'. நான் அதைத் தமிழில் சொல்லிப் பார்த்தேன். தமிழாசிரியையின் கெட்ட பழக்கம். கீழ்ப்படிதல் என்றால் வண்டல்போல அடியில் போய்ப் படிவது. பாடப்புத்தக வார்த்தை, நாக்கில் யாரும் வைத்துக்கொள்வதில்லை. பேச்சில் நாம் சொல்வது கேட்பது. "சொன்ன பேச்சுக் கேக்கறான்." இந்தக் 'கேள்' என்கிற ஒரு சொல்லுக்குள் எத்தனை அடைத்து வைத்திருக்கிறோம் பாருங்கள். காதால் வாங்குவதும் கேட்பது. பணிவதும் கேட்பது. வினவுவதும் கேட்பது. வேண்டும் என்று கையை நீட்டுவதும் கேட்பது. பழைய தமிழில் கேள் என்றால் உறவு. கேளிர், கேண்மை எல்லாம் அதன் வழி வந்தவை. வள்ளுவர் கல்விக்கும் கல்லாமைக்கும் அடுத்ததாக 42ஆம் அதிகாரத்துக்குக் 'கேள்வி' என்று பேர் வைத்தார். அங்கே கேள்வி என்பது கேட்டு அறிகிற அறிவு. இத்தனை அர்த்தத்தையும் கரும்பலகையில் எழுதிப்போட்டு வருடா வருடம் பாடம் நடத்தியிருக்கிறேன். வகுப்பில் நான் புழங்கியது என்னவோ பணிவது ஒன்றைத்தான்.

முதலில் போன இடம் விமான நிலையத்துக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானம். ஆட்டோ ஓட்டினவன் என் பழைய மாணவன். தெற்கு வாசல் ஸ்டாண்டில் இருக்கிறான். எனக்கு எங்கே போக வேண்டுமென்றாலும் அவனைத்தான் கூப்பிடுவேன். வாடகை எவ்வளவு என்று சொல்லவே மாட்டான். "நீங்க குடுக்கறத குடுங்க டீச்சர்" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். கொடுத்ததை எண்ணிப் பார்க்காமல் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். முப்பத்தெட்டு வயது ஆள், இரண்டு பிள்ளைக்குத் தகப்பன். நல்ல பணிவு என்று நான் எல்லோரிடமும் பெருமையாகச் சொல்வதுண்டு.

மைதானத்து வாத்தியார் மோப்பநாய்ப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஏழெட்டு நாய்கள் வரிசையில் நின்றன. கழுத்தில் எல்லாவற்றுக்கும் சோக் செயின். சங்கிலியின் ஒரு முனை மறுமுனை வளையத்துக்குள் நுழைந்து வருகிறது. வெடுக்கென்று இழுத்தால் சுருக்குப் போல இறுகும், விட்டால் தளரும். "சிட்" என்றார். ஒரு லாப்ரடார், ஏழெட்டு மாதம் இருக்கும், ஈயைப் பார்த்துக்கொண்டு நின்றது. வெடுக்கென்று ஓர் இழுப்பு. உட்கார்ந்தது. உட்கார்ந்த விதத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். காது இரண்டும் பின்னால் ஒட்டிக்கொண்டன. மூக்கை ஒரு தரம் நக்கிக்கொண்டது. முகத்தை வேறு பக்கம் திருப்பிக் கொட்டாவி விட்டது. முன்னங்கால் ஒன்று தரையிலிருந்து இரண்டு அங்குலம் தூக்கியே இருந்தது. பக்கத்தில் நின்ற சொந்தக்காரர் என்னிடம், "என்ன பணிவு பாத்தீங்களா மேடம்! ஒரு மாசத்துல!" என்றார்.

வாத்தியார் மோசமான மனிதர் இல்லை. நாய்களின் பேரெல்லாம் தெரிந்து வைத்திருந்தார், தண்ணீர்ச் சட்டியை அவரே கழுவினார். "நாய்ங்கறது ஓநாய் வம்சம்மா. கூட்டத்துக்கு ஒரு தலைவன். நீங்கதான் அந்தத் தலைவன்னு அதுக்குக் காட்டணும். இல்லைன்னா அது உங்க தலைல ஏறிடும்" என்றார். பெண்ணிடம் சொன்னபோது அவள் அதன் பூர்வோத்தரத்தைச் சொன்னாள். 1947இல் ஷென்கெல் என்பவர் சுவிட்சர்லாந்தில் பாசல் மிருகக்காட்சிசாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைப் பார்த்து எழுதியது அது. ஒன்றுக்கொன்று உறவில்லாத ஓநாய்களை ஒரு வேலிக்குள் போட்டால் அடித்துக்கொண்டு மேல் கீழ் பார்க்கத்தான் செய்யும். அந்தக் கருத்தைப் பிற்பாடு பரப்பியவர்களில் ஒருவரான டேவிட் மீச் என்கிற அமெரிக்க ஆராய்ச்சியாளரே, காட்டில் பல வருடம் கூடவே திரிந்து பார்த்துவிட்டு, 1999இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் ஒரு குடும்பம். தலைவன், தலைவி என்பது வெறும் அப்பாவும் அம்மாவும்தான். நான் போனை வைத்துவிட்டு, நாற்பத்தெட்டு பிள்ளைகளை ஒரு ஓட்டுக் கட்டடத்தில் அடைத்துவிட்டு, தலைவியாக நான் நின்ற இடத்தை நினைத்துக்கொண்டேன்.

இன்னொன்றும் உறுத்தியது. அந்த மைதானத்தில் எல்லா நாயும் இங்கிலீஷ் மீடியம். சிட், ஸ்டே, ஹீல், நோ. சிப்பிப்பாறை நாய் ஒன்று நின்றிருந்தது, அதுவும் "ஸ்டே"தான்.

திரும்பி வரும்போது ஆட்டோக் கண்ணாடியில் என்னைப் பார்த்துக்கொண்டே மாணவன் சொன்னான்: "நல்ல வாத்தியார் டீச்சர். அடி இல்லாம எதுவும் வராது. அன்னிக்கு நீங்க அடிச்சதாலதான் நான் இன்னிக்கு ஒழுங்கா இருக்கேன்."

ஆசிரியர்களுக்கு இது பதக்கம் மாதிரி. ஓய்வுபெற்ற பிறகு பழைய மாணவர்கள் தெருவில் மடக்கிக் குத்திவிட்டுப் போவார்கள். எனக்கு அன்றைக்கு மட்டும் அது குத்தின இடத்தில் வலித்தது. ஏனென்றால் அவனை நான் அடித்த ஒரு நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது.

1998, ஏழாம் வகுப்பு. கட்டுரை நோட்டுகளை எண்ணினேன், ஒன்று குறைந்தது. இவனுடையது. "வச்சேன் டீச்சர்" என்றான். பொய் சொல்லாதே என்றேன். "வச்சேன் டீச்சர்" என்று மறுபடி சொன்னான். மர ஸ்கேலை நெட்டுக்குத்தாகத் திருப்பி விரல் முட்டியில் நாலு. அழவில்லை. புது நோட்டுப் போட்டு ஆறு கட்டுரையையும் மறுபடி எழுதிக்கொண்டு வரச் சொன்னேன்; இரண்டே நாளில் எழுதி வந்தான். அடுத்த வாரம் வீட்டில் என் சணல் பையைக் கவிழ்த்தபோது, வாரப் பத்திரிகைக்கு நடுவே அந்தப் பழைய நோட்டு இருந்தது. நான் என்ன செய்தேன் என்றால், பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அதற்கப்புறம் பள்ளிக்கூடம் முடிகிறவரைக்கும் அவன் என் வகுப்பில் ஒரு கேள்வி கேட்டதில்லை. சொன்ன பேச்சுக் கேட்கிற பையன் என்று ரிப்போர்ட் கார்டில் எழுதினேன்.

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது, பிள்ளைகளை அடிக்கக் கூடாது என்கிற பதினேழாம் பிரிவைத் தலைமையாசிரியர் கூட்டத்தில் வாசித்தார். அன்றைக்கு ஸ்கேலைக் கொண்டுபோய் அதே பீரோவில் போட்டேன். அதற்கப்புறம் யாரையும் அடிக்கவில்லை. மனம் மாறி இல்லை, மெமோவுக்குப் பயந்து. நானும் சொன்னால் கேட்கிற ஜன்மம்தான்.

மகாபாரதம் எங்கே ஆரம்பிக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். ஆதிபர்வத்துக்குள் நுழைந்ததுமே வருகிறது ஒரு நாய்க்குட்டி. குருக்ஷேத்திரத்தில் ஜனமேஜயன் யாகம் செய்கிறான். பக்கமாக வந்த குட்டியை அவன் தம்பிகள் மூன்று பேர் அடித்து விரட்டுகிறார்கள். அது அழுதுகொண்டு தாயிடம் ஓடுகிறது. தாய் சரமா, தேவலோகத்து நாய். அவள் முதலில் குட்டியைத்தான் விசாரிக்கிறாள்: நீ ஏதாவது தப்புப் பண்ணினாயா? அவிசை நக்கவில்லை, ஏறெடுத்துப் பார்க்கக்கூட இல்லை என்கிறது. அப்புறம் நேரே யாகசாலைக்கு வந்து, தப்புப் பண்ணாத என் பிள்ளையை ஏன் அடித்தீர்கள் என்று கேட்கிறாள். ராஜகுமாரர்கள் வாயைத் திறக்கவில்லை. எதிர்பாராத பயம் உங்களை வந்து சேரும் என்று சபித்துவிட்டுப் போகிறாள். முடிவில் வருகிற நாயைத்தான் எல்லோருக்கும் தெரியும். தர்மபுத்திரனோடு சொர்க்க வாசல்வரை போகிற நாய், அதைக் கைவிட்டு வரமாட்டேன் என்று அவன் இந்திரனிடம் மல்லுக்கு நிற்பது, கடைசியில் அது தர்மதேவதையாக நிற்பது. அந்த நாய்க்கு யாரும் "ஹீல்" சொல்லவில்லை. ஆனால் எனக்கு இப்போதெல்லாம் முதல் நாய்தான் நினைவில் நிற்கிறது. அதன் தாய் இட்ட சாபம் தள்ளுபடியானதாகத் தெரியவில்லை.

நடுவில் ஒரு போர்டிங் வகுப்பையும் விசாரித்தேன். குட்டியை அங்கேயே விட்டுவிட வேண்டுமாம், இரண்டு மாதத்தில் 'ரெடி பண்ணி'த் தருவார்களாம். நடுவில் போய்ப் பார்க்கக் கூடாது. நாமக்கல் பக்கத்து விடுதிப் பள்ளிகள் ஞாபகம் வந்து போனை வைத்துவிட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு சொல்லித் தருகிற எதையும் நம்பக் கூடாது என்பது முப்பத்துநாலு வருட அனுபவம். நானும் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லித் தந்தவள்தான்.

திருவானைக்காவலில் ஒரு மாந்தோப்பு. நடத்துவது ஒரு சின்னப் பெண், முப்பது வயது இருக்காது. "முதல் நாள் குட்டி வேணாம்மா, நீங்க மட்டும் வந்து உக்காந்து பாருங்க. புடிச்சா சேருங்க" என்றாள். ஊசி போட்ட அட்டையை வாங்கித் தேதி பார்த்தாள். வகுப்புக்கு நாலு குட்டிக்குமேல் கிடையாது, ஆறு ஞாயிற்றுக்கிழமை. கழுத்தில் சங்கிலி இல்லை. மார்பைச் சுற்றி ஒரு வார்ப்பட்டை, பருத்திக் கயிறு. எந்த பாஷையில் சொன்னாலும் சரி, ஒரே வார்த்தையாக இருக்க வேண்டும் என்றாள். என் மனம் அங்கேயே பாதி சாய்ந்துவிட்டது.

மீதிப் பாதி ஒரு கேள்விக்குக் காத்திருந்தது. "சொல்லி, அவன் கேக்கலைன்னா என்ன பண்ணுவேள்?"

"அவன் கேக்கலைன்னா, ஏன்னு நாம கேக்கணும்மா. புரியலையா, பயமா, அலுப்பா, ஒண்ணுக்கு வருதா. காரணம் இல்லாம குட்டி கேக்காம இருக்காது."

மாணவன் மாமரத்தடியில் ஆட்டோச் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சுற்றுவது நின்றது என்று மட்டும் கவனித்தேன்.

இனி என் சந்தேகத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணின் இடுப்பில் ஒரு பை. அதில் வேகவைத்த கோழித் துண்டு. குட்டி உட்கார்ந்தால் ஒன்று, வந்தால் ஒன்று. கோழிக்கு எங்கள் வீட்டில் வழியில்லை; பனீர்த் துண்டும் போதும் என்று அது தீர்ந்தது. தீராதது வேறு. இது லஞ்சம் இல்லையா? அங்கே அடிக்குப் பயந்து உட்கார்ந்தான், இங்கே பனீருக்கு ஆசைப்பட்டு உட்காருகிறான். கேட்கிறான் என்று எதைச் சொல்வது?

யோசித்தால், நமக்குச் சாமியை அறிமுகம் செய்த விதமும் இந்த இரண்டுதான். சோற்றைக் கொட்டினால் உம்மாச்சி கண்ணைக் குத்தும். சமர்த்தாக வந்தால் கோயிலில் சர்க்கரைப் பொங்கல் உண்டு. பெரியவர்களானதும் கண்ணைக் குத்துவதற்குச் சனிப்பெயர்ச்சி என்று பேர் மாறுகிறது, பொங்கலுக்கு வேண்டுதல் என்று பேர் மாறுகிறது. சுருக்கும் பனீரும்தான்.

எங்கள் வீட்டில் இது நாற்பது வருட வழக்கு. நான் பிறந்தது தென்கலை, புகுந்தது வடகலை. குரங்குக் குட்டி தாயின் வயிற்றைத் தானே பற்றிக்கொள்கிறது. ஜீவனும் அந்த அளவாவது பற்ற வேண்டும் என்பது என் கணவர் கட்சி. பூனை தன் குட்டியை வாயில் கவ்விப் போகிறது. குட்டி செய்ய வேண்டியது ஒன்றுமில்லை என்பது என் கட்சி. சாதம் ஆறிப்போகும்வரை வாதம் நடக்கும். இதே ஊரில் பிள்ளை லோகாசாரியரும் தேசிகரும் இருந்து பேசியதை, நாங்கள் ரசத்துக்கும் மோருக்கும் நடுவே பேசினோம். நாய் எங்கள் பேச்சில் வந்ததே இல்லை. ஆசாரியர்கள் குரங்கையும் பூனையையும் சொன்னார்கள், வாசலில் படுத்திருந்த நாயை ஏன் விட்டார்கள் என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. கேட்டால் பதில் சொல்ல அவர் இல்லை. அவர் செருப்பும் இல்லை.

அவர் அடிக்கடி சொல்லுவது பரதனைப் பற்றி. லக்ஷ்மணன் கூடவே வந்து கைங்கரியம் பண்ணுவேன் என்று அடம்பிடித்துப் போனவன். பரதனுக்குக் கிடைத்ததோ "இரு" என்கிற கட்டளை. ராமன் சொன்னான் என்பதற்காக, கூடப் போகிற ஆசையை விட்டு, நந்திகிராமத்தில் பாதுகையை வைத்துக்கொண்டு பதினாலு வருடம் இருந்தான். அதற்குப் பாரதந்திரியம் என்று பேர். அவன் வசப்பட்டு இருப்பது. "இருங்கறதுதான்டி கஷ்டம், வாங்கறது சுலபம்" என்பார். நாய்க்குட்டி வகுப்பிலும் அப்படித்தான். "வா"வை இரண்டு வாரத்தில் பிடித்துக்கொண்டான். "இரு" என்றால் மூன்று எண்ணுவதற்குள் பின்பக்கம் தரையைவிட்டு எழும்பிவிடும்.

ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒரு பாகம் உண்டு. பரதன் சும்மா தலையாட்டிவிட்டு வரவில்லை. சித்திரகூடத்தில் வாதாடினான். திரும்பி வராவிட்டால் இங்கேயே பட்டினி கிடப்பேன் என்று தர்ப்பையை விரித்துப் படுத்தே விட்டான். பதினாலு வருடத்துக்குமேல் ஒரு நாள் தாமதித்தால் நெருப்பில் இறங்குவேன் என்று நிபந்தனையும் போட்டான். ராமன் அத்தனையையும் கேட்டான். பரதன் "இரு"வைக் கேட்டது அதற்கப்புறம்தான். எதிர்த்துப் பேச இடமிருந்தவன் பணிந்தால்தான் அதற்குப் பணிவு என்று பேர். அந்த லாப்ரடாருக்கு அந்த இடம் இல்லை. 1998இல் ஏழாம் வகுப்பிலும் அந்த இடம் இல்லை.

லஞ்சக் கேள்விக்கு முழுசாக எனக்கு இன்னும் பதில் இல்லை. நாலாவது வாரத்தில் பாதிப் பதில் கிடைத்தது. அன்றைய பாடம் "விடு". பழைய செருப்பு ஒன்று கொண்டுவரச் சொன்னாள். எச்சமாக இருந்த இடது செருப்பையே எடுத்துப்போனேன். புளி அதை வாயில் கவ்விக்கொண்டதும், பிடுங்காதீர்கள் என்றாள். பிடுங்கப் பிடுங்கப் பிடி இறுகும். ஒரு நாள் உறுமவும் கற்றுக்கொள்வான். மூக்குக்கு முன்னால் பனீரைக் காட்டச் சொன்னாள். அவன் கண் செருப்புக்கும் பனீருக்கும் நடுவே அல்லாடியது. வாய் மெல்ல இளகிச் செருப்பு விழுகிற அந்தக் கணத்தில் "விடு" என்று சொல்ல வேண்டும். சொன்னேன். பனீரைத் தின்றான். அடுத்தது நான் எதிர்பார்க்காதது: "இப்ப செருப்ப அவன்கிட்டயே திருப்பிக் குடுங்கம்மா" என்றாள். விட்டால் போய்விடாது என்று அவனுக்குத் தெரிய வேண்டுமாம்.

விடு என்பதிலிருந்துதான் வீடு வந்தது. மோக்ஷத்துக்குத் தமிழில் வீடு என்று பேர். பற்றை விடச் சொல்லி எத்தனை உபந்நியாசம் கேட்டிருக்கிறேன். கவ்விக்கொண்டிருப்பதைவிட ருசியானது ஒன்று மூக்கெதிரே வராமல் எந்த ஜீவனும் வாயைத் திறக்காது என்று, வார்ப்பட்டை போட்ட ஒரு தெருநாய்க்குட்டிதான் எனக்குக் காட்டினான். ஆழ்வார்களும் அழகைக் காட்டித்தானே கூப்பிட்டார்கள்? மூன்றாவது சுற்றில் அவன் பனீரைப் பார்க்கவே இல்லை; "விடு" என்றதும் செருப்பை என் காலடியில் போட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தான். அது லஞ்சத்தின் மிச்சமா, வேறு ஏதாவதா, நான் தீர்ப்புச் சொல்லப்போவதில்லை.

கயிறே வேண்டாம் என்கிற கட்சியும் இல்லை நான். காந்தி ரோட்டில் பஸ் வரும்போது வேதாந்தம் உதவாது. "நில்" என்றால் நிற்க வேண்டும். மைதானத்து நாய்கள் அதை ஒரு மாதத்தில் செய்தன, புளிக்கு மூன்று மாதம் ஆகலாம். வித்தியாசம் கயிற்றில் இல்லை, அது கிடக்கிற விதத்தில். "கயிறு தோரணம் மாதிரி தொய்ஞ்சு தொங்கணும். விறைச்சா நின்னுடுங்க, தொய்ஞ்சா நடங்க" என்பாள் அந்தப் பெண். சைவர்கள் உயிரைப் பசு என்றும் அதைக் கட்டியிருக்கிற கயிற்றைப் பாசம் என்றும் சொன்னார்கள். அறுக்க வேண்டிய கயிற்றின் பேரையே அன்புக்கும் வைத்துக்கொண்டு நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். வைஷ்ணவப் பெண் இதற்குமேல் அந்தப் பக்கம் போகக் கூடாது.

வகுப்புத் தேட ஆரம்பித்திருக்கிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிவது இவ்வளவுதான்: குட்டியில்லாமல் ஒரு நாள் போய் உட்காருங்கள். விட மாட்டேன் என்றால் வந்துவிடுங்கள். விட்டால், வாத்தியாரைப் பார்க்காதீர்கள். தப்புப் பண்ணின நாயின் காதைப் பாருங்கள், வாலைப் பாருங்கள்.

ஆறாவது ஞாயிற்றுக்கிழமை வகுப்பு முடிந்து திரும்பினோம். புளி என் மடியில் தூங்கிவிட்டான். காவிரிப் பாலத்துப் பக்கம் போகாமல் உள் ரோட்டிலேயே வந்தோம். ரயில்வே கேட் மாதிரி ஒரு நெரிசலில் வண்டி நின்றபோது, மாணவன் கண்ணாடியைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"டீச்சர், அந்தக் கட்டுரை நோட்டு அப்பறம் கெடச்சுதா?"

இருபத்தாறு வருடம். ஹாரன் சத்தத்தில் காதில் விழாத மாதிரி இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது.

"கெடச்சுதுப்பா. அடுத்த வாரமே. என் பையிலதான் இருந்தது. நீ வச்சதுதான் நிஜம். நான் உங்கிட்ட சொல்லலை."

அவன் ஒன்றும் சொல்லவில்லை. கியரைப் போட்டான். வீட்டு வாசலில் புளியை அவன்தான் தூக்கி இறக்கிவிட்டான். நான் உள்ளே போய்ப் பீரோவிலிருந்து நோட்டை எடுத்து வந்து கொடுத்தேன். அட்டையில் பெயரைப் பார்த்தான். பிரிக்கவில்லை, சீட்டுக்கு அடியில் வைத்துக்கொண்டான். நான் பர்ஸைத் திறந்தேன். வழக்கம்போல் கையைக் கட்டிக்கொண்டு நிற்கவில்லை.

"வெயிட்டிங்கோட இருநூத்தி இருபது, டீச்சர்" என்று கேட்டு வாங்கிக்கொண்டான்.